செல்வமேரி நடக்காமல் விட்ட தூரம்

தலைச்சோலைச் செல்வமேரி கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் வரை நடந்தவள். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. சேர்வராயன் மலையில் இது தெரியாத ஆள் கிடையாது. அப்படி ஒருவர் இருந்தால் அவர் நேற்று ஏற்காட்டு பஸ்ஸில் வந்து இறங்கிய டூரிஸ்ட்டாக இருப்பார். விலை கூடிய பூட்ஸ் போட்டவர்கள், கூடவே காரில் ஆள் வைத்துப் படம் பிடித்தவர்கள் எனப் பலர் அந்தச் சாலையில் நடந்திருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் காபிப் பழம் பறித்த கையோடு, ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட ஒரு பெண்பிள்ளை, ரப்பர் செருப்பு மாட்டிக்கொண்டு தனியாக அவ்வளவு தூரம் போனாள் என்றால் அவள் எங்கள் மலைக்காரியாகத்தான் இருக்க முடியும்.

அவள் அப்பா எஸ்டேட்டில் மிளகு பறிக்கிற ஏணிக்காரர். மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் ஒற்றை மூங்கில் ஏணியைச் சாத்தி உச்சிக்கு ஏறுவார். ஒரு நாள் ஏணி புரண்டு இடுப்பு ஒடிந்தது. அன்றோடு செல்வமேரியின் படிப்பு முடிந்து, இடுப்பில் கூடை ஏறியது. பின்னால் எஸ்டேட் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்த தேவசிகாமணிக்கு வாழ்க்கைப்பட்டாள். இருவரும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி ஒரு துண்டு நிலம் வாங்கிக் காபிச் செடி வைத்தார்கள். அப்புறம் ஒரு பழைய ஜீப்பும் வாங்கினார்கள். எல்லாம் சொந்தச் சம்பாத்தியம். இந்த மலையில் சொந்த ஜீப் வைத்திருப்பவர்களை எண்ணிப் பார்த்தால் பாதிப் பேர் பள்ளிக்கூட வாசலை மிதித்துத் திரும்பியவர்கள்தான். படிப்பு நல்லதுதான், இல்லையென்று யார் சொன்னது. ஆனால் அது மட்டுமே எல்லாம் என்று நினைப்பவர்கள் செல்வமேரியை வந்து பார்க்க வேண்டும்.

அவள் நடை எப்படி ஆரம்பித்தது என்று சொல்வதற்கு முன்னால் மலை வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இங்கே பஸ் குறைவு. செம்மநத்தத்துக்கோ மாரமங்கலத்துக்கோ நடந்து போகிறவரைப் பார்த்தால் ஜீப்போ பால் வண்டியோ பைக்கோ எதுவானாலும் நிற்கும். நின்ற வண்டியை வேண்டாம் என்று அனுப்புவது இங்கே வழக்கமில்லை. அனுப்பினால் ஓட்டுகிறவரோடு மனத்தாங்கல் என்று அர்த்தம். செம்மநத்தத்துப் பெரியவர் ஒருவர், வயிறு சரியில்லாமல் காலாற நடக்கலாம் என்று நினைத்து ஒரு ஜீப்பை வேண்டாம் என்று கையசைத்து அனுப்பிவிட்டார். அன்று சாயங்காலமே அந்த ஜீப்காரன் தன் அண்ணனையும் பெரியப்பாவையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்கு வந்து, எங்கள் மேல் என்ன கோபம், எதுவானாலும் பேசித் தீர்த்துக்கொள்வோம் என்று உட்கார்ந்துவிட்டான். காபி போட்டுக் கொடுத்து வயிற்றுப்போக்கின் கதையை முழுக்கச் சொன்ன பிறகுதான் எழுந்து போனார்கள். அப்படிப்பட்ட மலை இது. ஜீப்காரன் பெண்டாட்டியான செல்வமேரிக்கு இது இரத்தத்திலேயே ஊறியது.

மகள் ஆஷ்லினுக்கு நர்ஸ் படிப்பில் இடம் கிடைத்தால் வேளாங்கண்ணிக்கு நடந்தே வருவதாக அவள் நேர்ந்துகொண்டாள். இடம் கிடைத்தது. ஆவணியில் கோவில் கூட்டத்தோடு கிளம்பினாள். தஞ்சாவூர் தாண்டி, கூட்டம் முன்னால் போக இவள் செருப்பு வாரைக் கட்டிக்கொண்டு பின்தங்கியபோது, தக்காளி இறக்கிவிட்டு வந்த ஒரு காலி வேன் பக்கத்தில் நின்றது. ஓட்டுநர், “ஏறுங்கம்மா” என்றான். ஏறிவிட்டாள். நேர்ச்சை, நடந்தே வருவதாகச் சொன்னது எதுவும் அந்த நேரத்தில் மனதில் வரவில்லை. நின்ற வண்டி, ஏறினாள், அவ்வளவுதான். கூட்டத்தைத் தாண்டிப் போய் ஓர் ஊர் முன்னால் இறங்கி உட்கார்ந்த பிறகே தான் செய்தது உறைத்தது.

மற்றவர்கள் மாதா பெரிதுபடுத்த மாட்டார் என்றார்கள். பங்குச் சாமியாரும் அதையே சொன்னார். செல்வமேரி கொடியேற்றம் பார்த்தாள், பூசை பார்த்தாள், மொட்டை போட்டாள். கூட்டம் ஊர் திரும்பும் பஸ்ஸில் ஏறியபோது இவள் தஞ்சாவூர் பஸ்ஸில் ஏறினாள். வேன் நின்ற இடத்தில் இறங்கி, வேன் ஓடிய தூரம் முழுக்கத் தனியாக நடந்தாள். வீட்டுக்கு வந்ததும் தேவசிகாமணி அவளை மேலும் கீழும் பார்த்தார்.

“மாதாவே உட்டுட்டாங்கன்னு சாமியாரு சொன்னாருல்ல. அப்பறம் என்னத்துக்குப் புள்ள?”

“மாதா உட்டுட்டாங்க. எனக்குத்தான் தெரியுமுங்களே, நான் நடக்குலைன்னு.”

தனியாக நடந்த அந்தத் தூரம்தான் அவளைப் பிடித்துக்கொண்டது. கூட்டத்தோடு நடந்தபோது ஜெபமும் பாட்டுமாக வழி ஓடிவிட்டது. தனியாக நடந்தபோதுதான் வழியைப் பார்த்தாள். வாய்க்காலில் எருமை குளிப்பாட்டிய பெண் கூப்பிட்டுத் தன் சோற்றில் பாதியைத் தந்தாள். அதை எழுத வேண்டும் என்று தோன்றியது. எங்கே எழுதுவது? அவள் போனில் இருந்ததெல்லாம் தலைச்சோலை ஜெபமாலைக் குழுவின் வாட்ஸாப்தான். அதில் எழுதினாள். ஒற்றைக் கட்டை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டி, எருமை, வாய்க்கால், சோறு எல்லாவற்றையும் எழுதி அனுப்பிவிட்டாள். ஜெபக் குழுவில் எருமைக்கு என்ன வேலை என்று இரண்டு பேர் சண்டைக்கு வந்தார்கள். மற்றவர்கள் அடுத்தது எப்போது வரும் என்று கேட்டார்கள்.

அடுத்தது ராமேஸ்வரம். அதற்கடுத்த வருடம் பழவேற்காட்டிலிருந்து குமரி வரை கடலோரமாகவே ஒரு நடை. காபிப் பழம் பறித்து முடிந்து, தை கழிந்தால் கிளம்பிவிடுவாள். அவள் எழுத்தில் வர்ணனை இருக்காது. சாப்பிட என்ன கொடுத்தார்கள், எங்கே படுக்கச் சொன்னார்கள், கால் என்ன சொன்னது, நாய் எப்படித் துரத்தியது, இவ்வளவுதான். எந்த ஊரிலும் பெண்கள் கேட்கும் முதல் கேள்வி, வீட்டுக்காரர் எப்படி விட்டார் என்பதுதான் என்றும், தான் சொல்லும் பதில், அவர் விடவில்லை, நான் வந்தேன் என்பதுதான் என்றும் எழுதியிருந்தாள். அதைப் படித்துச் சிரித்தவர்கள் மற்றக் குழுக்களுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து லாரிக்காரர்கள் கைக்குப் போய்விட்டது. சங்ககிரி, நாமக்கல் லாரி எங்கெல்லாம் ஓடுகிறதோ அங்கெல்லாம் செல்வமேரியும் ஓடினாள். காலேஜில் பேனா பிடிக்கக் கற்றவர்களுக்கு இத்தனை வாசகர்கள் கிடைத்திருப்பார்களா என்பது சந்தேகம்.

வண்டிகள் மட்டும் நின்றுகொண்டே இருந்தன. ஒரு பெண் தனியாக வெயிலில் நடந்தால் நல்ல மனசுள்ளவர்கள் நிறுத்தத்தானே செய்வார்கள். செல்வமேரி ஏறிக்கொள்வாள். அவர்கள் மனம் கோணாமல் கொஞ்ச தூரம் போய், இங்கே ஒரு வேலை இருக்கிறது என்று இறங்கிக்கொள்வாள். வண்டி கண்ணுக்கு மறைந்ததும் ஏறின இடத்துக்குத் திரும்பி நடப்பாள். அப்புறம் அங்கிருந்து மறுபடி முன்னால். ராமநாதபுரம் பக்கம் ஒரே பால்காரர் காலையில் ஒரு தரமும் திரும்பும்போது ஒரு தரமும் அவளை ஏற்றிக்கொண்டார். அன்று முழுக்க நடந்தும் அவள் காலையில் கிளம்பிய டீக்கடையிலேயே இரவும் படுத்தாள். ஆஷ்லின் வேண்டாம் என்று சொல்லிப் பழகச் சொன்னாள். செல்வமேரிக்கு அது பிடிபடவில்லை. ஆனால் எந்த நடையிலும் ஓர் ஓட்டை வைத்ததில்லை. வண்டியில் போன தூரத்தைக் கால் அளக்காமல் விட்டதில்லை. அதுதான் அவள் பெருமை. அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருக்கட்டுமே, சம்பாதித்த கர்வம்.

பிறகு அந்தப் பெரிய நடை. ஒரு மாசி மாதம் குமரியில் கடலைத் தொட்டுவிட்டு வடக்கே திரும்பினாள். சாலை சேலத்தைத் தொட்டுத்தான் போகிறது. சேலத்துக்கு வந்தபோது எங்கள் மலை முழுசாகத் தெரிந்தது. தேவசிகாமணி கொண்டை ஊசி வளைவுகளெல்லாம் இறங்கி, தூக்குப்போசியில் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் கொண்டுவந்தார். ஒரு ராத்திரி வீட்டில் படுத்துவிட்டுப் போகலாமே என்று கேட்டார். மேலே வந்தால் இறங்க மனசு வராது என்று அவள் சொல்லிவிட்டாள். சாலையோரப் புளியமரத்தடியில் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு நடந்தாள். அவர் ஜீப்பைக் கிளப்பாமல் அவள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியும், ஜீப்பைக் கிளப்பி அவள் பக்கத்தில் நிறுத்தினால் அவள் ஏறியாக வேண்டும்.

பெங்களூர், ஐதராபாத் எல்லாம் தாண்டி ஆதிலாபாத் போனபோது சித்திரை வெயில் உச்சியில் இருந்தது. மலையின் குளிரில் வளர்ந்த உடம்பு அது. வெயிலை அவள் பெரிதாக மதிக்கவில்லை. அது அவள் செய்த தப்பு. ஆதிலாபாத் பஸ் ஸ்டாண்டில் மோர் குடித்தது நினைவிருக்கிறது. அதற்குப் பின்னால் சாலை ஆடியது நினைவிருக்கிறது. பின்னால் ஹாரன் கேட்டது. ஜவ்வரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு நாக்பூர் போன லாரி. ஓட்டியவன் சங்ககிரிக்காரன் மாதேஷ். அவள் பையில் கட்டியிருந்த மஞ்சள் துணியில் தமிழ் எழுத்தைப் பார்த்து நிறுத்தியிருக்கிறான்.

“ஏனுங்கக்கா, சேலங்களா? ஏறிக்கங்க.”

ஏறினாள். ஏறியதோடு சரி. அடுத்து அவள் கண் திறந்தது நாக்பூர் ஆஸ்பத்திரியில், கையில் குளுக்கோஸ் ஊசியோடு. மாதேஷ் துண்டை நனைத்து நனைத்து நெற்றியில் போட்டு, எங்கும் நிறுத்தாமல் ஓட்டிவந்து, லோடு இறக்கக்கூடப் போகாமல் ஆஸ்பத்திரியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். லோடு தாமதமானதற்கு மார்க்கெட்டில் அவன் வாங்கிய திட்டை அவளிடம் சொல்லவே இல்லை. அப்படி ஒரு பிள்ளை. பெண்டாட்டி போனில் செல்வமேரி எழுதுவதையெல்லாம் படிக்கிறாள் என்பது மட்டும் சொன்னான்.

டாக்டர் வெயிலில் தலைகாட்டக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கன்னியாஸ்திரிகள் நடத்திய விடுதியில் படுத்துக் கிடந்தாள். மழை தொடங்கியதும்தான் விட்டார்கள். திரும்பி ஆதிலாபாத் போய் விட்ட இடத்திலிருந்து வந்தால் காஷ்மீர் போய்ச் சேரும்போது பனி விழுந்து வழி அடைத்துவிடும். முன்னால் போனால் லாரியில் வந்த தூரம் அப்படியே நிற்கும். இரண்டு மனதாக இருந்து, கடைசியில் முன்னால் போனாள். குழுவில் நடந்ததை நடந்தபடி எழுதினாள்: ஆதிலாபாத்திலிருந்து நாக்பூர் வரை மாதேஷ் தம்பி லாரியில் வந்தேன், அந்தத் தூரத்தைப் பிறகு வந்து நடந்துகொள்வேன்.

ஸ்ரீநகரில் ஏரிக்கரையில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டாள். ஏற்காட்டில் மாலை போட்டு, மேளம் வைத்து, தலைச்சோலை வரை ஊர்வலம் விட்டார்கள். வேறு யாராக இருந்தாலும் ஆறு மாதம் அந்த மிதப்பிலேயே திரிந்திருப்பார்கள். செல்வமேரி மாலையைக் கழற்றி ஆட்டுக்குப் போட்டுவிட்டு, நாக்பூருக்கு எப்போது போவது என்று கணவரைக் கேட்டாள். அறுவடை முடியட்டும் என்றார் தேவசிகாமணி. சரி என்று இருந்தாள். அதற்குள்தான் வசந்த் வந்தான்.

சேலத்தில் சின்னதாகப் புத்தகம் போடுகிறவன் வசந்த். நல்ல பையன், உழைப்பாளி. அவள் வாட்ஸாப்பில் எழுதியதையெல்லாம் சேர்த்துத் தட்டச்சு செய்து, படங்கள் சேர்த்து, சேலத்துப் புத்தகக் கண்காட்சியில் வெளியிட நாள் குறித்துவிட்டு, அச்சடித்த அட்டையோடு மலைக்கு வந்தான். அட்டையில் ஸ்ரீநகர்ப் படம். அதன் கீழே கொட்டை எழுத்தில்: ‘குமரி முதல் காஷ்மீர் வரை, ஓரடி விடாமல்’.

செல்வமேரி அதைக் கையில் வாங்கவில்லை. உள்ளே லாரி வரும் இடத்தைக் காட்டச் சொன்னாள். அந்தப் பகுதியை எடுத்துவிட்டதாக வசந்த் சொன்னான். படிக்கிறவர்களுக்குக் குழப்பமாக இருக்குமாம். ஆதிலாபாத் அத்தியாயம் முடிந்ததும் ‘நாக்பூர் வந்தேன்’ என்று அடுத்தது தொடங்கும். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்று அவன் விளக்கினான்.

“வந்தேன்னு போட்டா நடந்து வந்தேன்னுதானப்பா படிப்பாங்க?”

“அது அவங்க நெனச்சுக்கறதுங்கம்மா. நாம சொல்லலையே.”

“அட்டையில சொல்லியிருக்கறியே சாமி.”

அட்டையை மாற்ற இனி நேரமில்லை என்றான் வசந்த். எல்லாம் அச்சாகிவிட்டது, விழாவுக்கு ஆட்களை அழைத்தாகிவிட்டது. செல்வமேரி அதற்குக் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் காபிச் செடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சரி. அட்ட மாறாதுன்னா இருக்கட்டும். நீ நாள் குறிச்சதுக்குள்ள நான் போயி நடந்துட்டு வந்துடறேன்.”

தேவசிகாமணிக்குத் தலை சுற்றியது. கார்த்திகை பிறக்கப் போகிறது. செடியெல்லாம் பழம் சிவந்து நிற்கிறது. ஒரு மழை அடித்தால் பாதி கீழே கொட்டிவிடும். கூலிக்கு ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. இந்த நேரத்தில் பெண்டாட்டி நாக்பூர் போகிறேன் என்றால் எந்த மனுசன் பொறுப்பான்? அவர் பொறுக்கவில்லை. அன்று அந்த வீட்டில் நடந்த சண்டை தலைச்சோலைக்கே கேட்டது. அவள் இல்லாத மாதங்களில் களையெடுப்பையும் கவாத்தையும் ஒற்றை ஆளாகப் பார்த்தது, தானே சமைத்துத் தின்றது என எல்லாம் வந்தது. அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது. செல்வமேரியின் கால் நடந்த தூரமெல்லாம் அவர் முதுகில்தான் ஏறியிருந்தது. அதை அவளும் மறுக்கவில்லை. கடைசியில் அவர் இறங்கிவந்தார்.

“ஏம்புள்ள, குழுவுல எழுதுனத எவன் நெனப்பு வெச்சிருக்கறான்? அந்தத் துண்டு ரோட்ட நீ நடக்குலைன்னு யாருக்குத் தெரியப் போவுது?”

“மாதேஷுக்குத் தெரியுமுங்க.”

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“அந்தப் பையன் பொண்டாட்டி இதப் படிப்பாளுங்க. ஓரடி உடாம நடந்தாங்களாம், அப்ப நீ ஏத்திட்டுப் போனது யாருன்னு அவனக் கேப்பா. அவன் என்ன பண்ணுவான்? நான் பொய் சொன்னேன்னு சொல்லுவானா, இல்ல அவனே பொய் சொன்னதா ஒத்துக்குவானா? உசுரக் குடுத்தவனுங்க அவன்.”

மறுநாள் காலையில் தேவசிகாமணியே ஜீப்பில் அவளைச் சேலம் ஜங்ஷனுக்குக் கொண்டுவந்து விட்டார். ரயில் கிளம்பும்போது போர்வையை மறந்துவிடாதே என்று மட்டும் சொன்னார். போகும் வழியில் செல்வமேரி மாதேஷுக்குப் போன் போட்டாள். எங்கே தன்னை ஏற்றினான் என்று கேட்டாள். ஆதிலாபாத்தைத் தாண்டி, ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் என்றான் அவன். எதற்கும் ஆதிலாபாத் பஸ் ஸ்டாண்டிலிருந்தே தொடங்குவது என்று அவள் முடிவு செய்தாள். விழாவுக்குக் குடும்பத்தோடு வந்துவிடு என்று அவனைக் கூப்பிட்டாள். தான் அங்கே இருப்பேன் என்றும் சொன்னாள்.

நடை முதல் நாள் அருமையாகப் போனது. வெயில் கார்த்திகை வெயில், உறைக்கவில்லை. இரண்டு பக்கமும் பருத்தி வெடித்து வெள்ளையாகக் கிடந்தது. இடுப்பில் துணிப் பை கட்டிய பெண்கள் குனிந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். தன் செடிகளின் நினைப்பு வந்தது. பாலம் தாண்டினாள். அப்புறம்தான் தொல்லை ஆரம்பித்தது. அந்தப் பக்கத்து மனிதர்கள் எங்கள் மலைக்காரர்களுக்கு ஒரு படி மேல். ஒரு டிராக்டர் நின்றது, ஏறினாள், இறங்கினாள், திரும்பி நடந்தாள். பள்ளிக்கூட ஆட்டோ நின்றது. பிள்ளைகள் நெருக்கியடித்து இடம் விட்டார்கள். ஏறாமல் எப்படி இருப்பது? புலி நடமாடும் காட்டு ஓரத்தில் போலீஸ் ஜீப்பே நின்றது. அதில் இருந்த அதிகாரி கேள்வியே கேட்காமல் அவளைப் பின்னால் உட்காரவைத்து, காட்டையெல்லாம் தாண்டி ஒரு டவுனில் இறக்கிவிட்டு, ஓட்டலில் சாப்பாடும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் பஸ் பிடித்துத் திரும்பப் போய், சாலை வேலை செய்யும் பெண்கள் கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டு அந்தக் காட்டோரத்தை நடந்து கடந்தாள். அந்த ஒரு ஜீப்பால் இரண்டு நாள் போயிற்று.

நாள் நெருங்கிக்கொண்டே வந்தது. வேண்டாம் என்று சொல்லிப் பார்க்கலாம் என்று ஒரு நாள் துணிந்தாள். தொப்பி போட்ட ஒரு கிழவர் மொபெட்டை நிறுத்தினார். கையெடுத்துக் கும்பிட்டு, தலையை ஆட்டி, நடந்து போவதாக ஜாடை காட்டினாள். கிழவர் முகம் சுண்டிப்போய்விட்டது. மெதுவாக வண்டியை எடுத்தார். செல்வமேரிக்குப் பொறுக்கவில்லை. அவர் பின்னாலேயே ஓடிக் கூப்பிட்டு நிறுத்தி ஏறிக்கொண்டாள். அன்று ராத்திரி கணவருக்குப் போன் செய்தபோது அழுகை வந்துவிட்டது.

“நாளைக்கழிச்சு விழாங்க. எனக்கு இன்னும் பாதி வழி கெடக்குது. வேண்டாம்னு சொல்ல வாய் வரமாட்டேங்குதுங்க.”

“எங்கிட்ட மட்டும் நொம்ப நல்லா வருது,” என்றார் தேவசிகாமணி. அப்புறம், “நட. இங்க நான் பாத்துக்கறேன்” என்றார்.

என்ன பார்த்துக்கொள்ளப் போகிறார் என்று அவளுக்குப் புரியவில்லை. மேடையேறிப் பேசியது கிடையாது அவர். கோவில் கூட்டத்தில் கணக்கு வாசிக்கச் சொன்னாலே பின்வாசல் வழியாகப் போய்விடுகிறவர்.

விழா நடந்த சாயங்காலம் அவள் சாலையோரத்தில் ஒரு பருத்திக் குடோன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். போன் அடித்தது. எடுத்தால் கூட்டத்தின் இரைச்சல், மைக்கின் கிறீச் சத்தம். அவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மேடை ஏறிவிட்டார் என்பது அவளுக்குக் கொஞ்ச நேரம் கழித்தே விளங்கியது. ஆசிரியருக்கு உடல்நலம் சரியில்லை என்று வசந்த் அறிவிப்பது கேட்டது. அதை இடைமறித்து அவள் புருசன் குரல்.

“அவளுக்கு ஒடம்புக்கு ஒண்ணுமில்லீங்க. நல்லாத்தான் இருக்கறா. எம்பேரு தேவசிகாமணிங்க, தலைச்சோலை. ஜீப்பு ஓட்டறேன். இந்தப் பொஸ்தகத்து அட்டையில ஓரடி உடாமன்னு போட்டிருக்குதுங்க. அது இன்னிக்கித் தேதிக்குப் பொய்யிங்க.”

அவர் நடந்ததையெல்லாம் சொன்னார். வெயில் அடித்தது, லாரி வந்தது, லாரிக்காரன் ராத்திரி முழுக்கக் கண்விழித்தது. அந்தத் தூரத்தை நடக்கத்தான் அவள் போயிருக்கிறாள் என்றார். பழம் கொட்டிக்கொண்டிருக்கிறது, நான் ஒண்டியாளாகப் பறிக்கிறேன் என்பதையும் விடவில்லை. கொஞ்சம் பெருமையும் அடித்துக்கொண்டார். அடிக்கட்டுமே, அவருக்கில்லாத உரிமையா.

“இப்ப அவ நடந்துட்டுத்தான் இருக்கறாங்க. அவசரமுன்னா இப்ப வாங்கிக்கங்க. இல்ல, அவ நாக்பூரு போயிச் சேருட்டும்னா பொறுத்து வாங்கிக்கங்க.”

யாரோ சிரித்தார்கள். கைதட்டல் ஆரம்பித்தது. அதற்கு நடுவே கூட்டத்தின் பின்பக்கத்திலிருந்து ஒரு குரல் தூரமாகக் கேட்டது. செல்வமேரிக்கு அந்தக் குரலைத் தெரியும்.

“அந்த லாரி எம்பட லாரிதானுங்க. இது எம்பட சம்சாரங்க.”

அதற்குமேல் கைதட்டலில் ஒன்றும் கேட்கவில்லை. செல்வமேரி போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். அட்டையைப் பற்றிய கவலை அந்த இடத்திலேயே தீர்ந்துபோனது. ஊருக்கு முன்னால் உண்மை சொல்லியாகிவிட்டது, மாதேஷ் தலை நிமிர்ந்து நின்றாகிவிட்டது. இப்போது திரும்பிப் போனாலும் யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை. பழம் வேறு கொட்டுகிறது. நாக்பூர் வரை போக வேண்டிய கட்டாயம் இனி எதுவும் இல்லை.

காலையில் எழுந்து வடக்கேதான் நடந்தாள். எந்த நாளுக்குள் என்ற அவசரம் இல்லாததால் வண்டிகள் நிற்பது தொல்லையாகத் தோன்றவில்லை. நின்றவற்றில் ஏறினாள், அவர்கள் கொடுத்த ஆரஞ்சைத் தின்றாள், திரும்பி நடந்தாள். எங்கள் மலை ஆரஞ்சுக்கு அது பக்கத்தில் வராது என்று எழுதினாள்; அதில் கொஞ்சம் மலைப் பாசம் கலந்திருக்கலாம். பருத்தி பறிக்கும் பெண்களோடு ஒரு பொழுது அவளும் இறங்கிப் பறித்தாள். கையில் வேகம் இருக்கிறது என்று அவர்கள் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார்கள். பாஷை புரியாவிட்டாலும் பாராட்டு புரியும்.

நாக்பூர் வந்து, விசாரித்து விசாரித்து அந்த ஆஸ்பத்திரிக்குப் போனாள். தான் லாரியை நிறுத்திய வாசல் அதுதான் என்று மாதேஷ் போனில் சொல்லியிருந்தான். வாசல் தூணில் கையை வைத்தாள். களைத்துப்போய் முகம் கறுத்து நின்றவளைப் பார்த்த காவலாளி, நோயாளி என்று நினைத்து, கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் வரிசையில் நிறுத்திவிட்டான். நல்ல மனசோடு செய்கிறவனிடம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது. செல்வமேரி வரிசையிலேயே நின்றாள். இளவயது டாக்டரம்மா நாடி பார்த்து, கண் இமையை இழுத்துப் பார்த்து, காலை அழுத்திப் பார்த்துவிட்டு, உடம்புக்கு என்ன என்று கேட்டாள். வழியில் கற்ற இந்தியில், ஒன்றுமில்லை, ஒரு வேலை பாக்கி இருந்தது, முடிந்துவிட்டது என்றாள் செல்வமேரி. டாக்டரம்மா ஒரு சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினாள்.

ஊருக்குத் திரும்பும் ரயிலில் வசந்த் போனில் வந்தான். புத்தகம் விற்றுவிட்டதாம். மறுபதிப்புக்கு லாரிப் பகுதியைச் சேர்த்துவிடுவதாகவும், இந்த நடையை எழுதித் தந்தால் கடைசி அத்தியாயமாகப் போடுவதாகவும் சொன்னான். அட்டையை மாற்றட்டுமா என்று தயங்கிக் கேட்டான்.

“அது எதுக்கு மாத்தோணும்? இப்ப சரியாத்தான இருக்குது,” என்றாள் செல்வமேரி. “ஆனா கண்ணு, ஸ்ரீநகர்ப் படத்த எடுத்துட்டு அந்த லாரியப் போடு.”

வசந்த் யோசித்துச் சொல்வதாகச் சொன்னான். தேவசிகாமணி அடுத்த போனில் வந்தார். மழை பெய்யவில்லை, பாதித் தோட்டம் பறித்தாகிவிட்டது, மேல்பாத்தி அப்படியே நிற்கிறது என்றார். விழாவில் தான் பேசியதைப் பற்றி ஊரே பேசுகிறது என்பதையும் மறக்காமல் சொன்னார். அவள் எல்லாவற்றுக்கும் உம் கொட்டினாள்.

பிறகு சன்னலோரமாக நகர்ந்து உட்கார்ந்து, கட்டை விரலால் எழுத ஆரம்பித்தாள். வண்டி ஆடிய ஆட்டத்தில் எழுத்து தப்பிக்கொண்டே இருந்தது. அழித்து அழித்து மறுபடி தட்டினாள். முதலில் அந்தக் கிழவரின் மொபெட்டைப் பற்றி எழுதினாள்.